நான்குக்கு நான்கு: அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரிபாதியாகப் பிரிந்தால் என்ன ஆகும்?

2025 மே 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வழக்கை ஒரே வரியில் முடித்தது. அரசுப் பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளியாக ஒரு கத்தோலிக்க இணையப் பள்ளியை நடத்தலாமா என்பது ஓக்லஹோமா மாநிலத்தில் எழுந்த கேள்வி. கூடாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லியிருந்தது. வாஷிங்டனில் எட்டு நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறு பக்கம். மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்படியே நின்றது.

இதை "உச்ச நீதிமன்றம் தடை விதித்தது" என்று சொன்னால் தப்பு. அது எதையும் விதிக்கவில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

ஒன்பது நீதிபதிகள் இருக்கும்போது சரிபாதி எப்படி வரும்?

ஒன்பது பேரும் உட்கார்ந்தால் வராது. ஒருவர் குறையும்போதுதான் வரும். ஒரு நீதிபதி இறந்து அல்லது ஓய்வுபெற்று இடம் காலியாக இருக்கலாம். இல்லையென்றால் ஒருவர் அந்த வழக்கிலிருந்து மட்டும் விலகிக்கொண்டிருக்கலாம். ஓக்லஹோமா வழக்கில் நடந்தது இரண்டாவது. நீதிபதி ஏமி கோனி பேரட் விலகினார், காரணம் சொல்லவில்லை.

ஒன்பது என்ற எண்ணிக்கையை அரசியல் சாசனம் சொல்லவில்லை, நாடாளுமன்றச் சட்டம்தான் சொல்கிறது. 1789-ல் முதல் நீதிமன்றம் ஆறு பேருடன் தொடங்கியது. இரட்டைப்படை எண்ணில் ஆரம்பித்ததால் சமன் வரும் வாய்ப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது. அப்புறம் ஏழு, ஒன்பது, பத்து என்று மாறி, 1869-லிருந்து ஒன்பதாக நிற்கிறது. ஆறு பேர் இருந்தால் நீதிமன்றம் கூடலாம். ஒருவர் விலகினால் அவருக்குப் பதில் ஆள் கிடையாது, ஓய்வுபெற்றவரைக்கூட அழைக்க முடியாது.

சமமாகப் பிரிந்தால் நீதிமன்றம் என்ன செய்யும்?

"சரிபாதியாகப் பிரிந்த நீதிமன்றத்தால் தீர்ப்பு உறுதி செய்யப்படுகிறது." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எண்ணினால் ஒன்பது சொற்கள். விலகியவர் யாராவது இருந்தால் அவர் பங்கேற்கவில்லை என்று இன்னொரு வரி வரும். எழுதியவர் பெயர் இருக்காது, காரணங்கள் இருக்காது, யார் எந்தப் பக்கம் என்ற விவரமும் இருக்காது.

பல மாதங்கள் மனுக்கள் எழுதி, வாய்வாதம் செய்து, தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள் கையில் கிடைப்பது இந்த ஒரு வரி. தோற்றவருக்கு எதனால் தோற்றோம் என்று தெரியாது. வென்றவருக்கும் எதனால் வென்றோம் என்று தெரியாது.

நாலு பேர் மாற்ற வேண்டும் என்கிறார்கள், நாலு பேர் வேண்டாம் என்கிறார்கள். பிறகு ஏன் கீழே வென்றவருக்கே சாதகமாக முடிகிறது?

மேல்முறையீடு என்பது வழக்கை வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதல்ல. கீழே ஒரு நீதிமன்றம் கேட்டு, ஒரு முடிவு எழுதி, அது ஏற்கெனவே செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. மேலே வருகிறவர் அதை மாற்றுங்கள் என்று கேட்கிறார். மாற்ற வேண்டுமென்றால் நீதிமன்றம் ஒரு செயலைச் செய்ய வேண்டும், அதற்குப் பெரும்பான்மை வேண்டும். பெரும்பான்மை இல்லையென்றால் நீதிமன்றத்தால் எதையும் செய்ய முடியாது. எதுவும் செய்யாவிட்டால் ஏற்கெனவே இருப்பது இருக்கும்.

கட்டிய சுவரை இடிக்க ஐந்து பேர் பலம் வேண்டும், நாலு பேர்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் நிற்கிறது. சுவர் நேராகக் கட்டப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

இந்த விளக்கம் பழையது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1826-ல், எட்டிங் என்பவருக்கும் அமெரிக்க வங்கிக்கும் நடந்த வழக்கில், நீதிமன்றம் பிரிந்திருப்பதால் வாதிடப்பட்ட சட்டக் கொள்கைகளைத் தீர்த்துவைக்க முடியாது, ஆனால் தீர்ப்பு உறுதியாகிறது என்று சொன்னார். இரண்டு பாதிகளும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கின்றன: வழக்கு முடிகிறது, சட்டக் கேள்வி முடியவில்லை.

அப்படியானால் அது முன்னுதாரணம் ஆகாதா?

ஆகாது. 1910-ல் ஹெர்ட்ஸ் எதிர் உட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியது. சரிபாதிப் பிரிவில் வந்த உறுதிப்பாடு அந்த வழக்கின் தரப்பினரைக் கட்டும், மற்ற வழக்குகளுக்கு அது ஆதாரமாகாது. நாளைக்கு இன்னொரு வழக்கறிஞர் வேறொரு நீதிமன்றத்தில் நின்று "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று அந்த ஒரு வரியைக் காட்டினால் எடுபடாது.

ஆனால் கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு என்ன பலம் இருந்ததோ அது அப்படியே இருக்கும். வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களைச் சேர்த்த ஒரு பகுதிக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) என்றால் அதன் வட்டாரத்துக்குள் எல்லாரையும் கட்டும், மாநில உச்ச நீதிமன்றம் என்றால் அந்த மாநிலத்துக்குள் கட்டும். ஓக்லஹோமாவில் மதம் சார்ந்த சார்ட்டர் பள்ளிக்கு இடமில்லை. பக்கத்து மாநிலத்தில் யாராவது முயன்றால் கேள்வி புதிதாகத் தொடங்கும்.

சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே? ஒரே சட்டத்துக்கு இடத்துக்கு ஒரு அர்த்தம் இருக்க முடியுமா?

இருக்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

மிசூரியில் ஒரு கம்பெனி, 2005-க்கும் 2008-க்கும் இடையில், ரேமோர் என்ற ஊரின் வங்கியில் இருபது லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கியது. கம்பெனி இரண்டு ஆண்களுடையது. வங்கி அவர்களுடைய மனைவியரிடமும் ஜாமீன் கையெழுத்து வாங்கியது. கடன் திரும்பாதபோது வங்கி அந்த இரண்டு பெண்களிடமும் பணம் கேட்டது. கடன் தருவதில் திருமண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று நாடாளுமன்றச் சட்டம் இருக்கிறது. மனைவி என்பதற்காகவே எங்களைக் கையெழுத்துப் போடவைத்தார்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்தச் சட்டம் கடனுக்கு "விண்ணப்பிப்பவரை"த்தான் காக்கிறது, ஜாமீன் போட்டவர் விண்ணப்பதாரர் இல்லை என்று எட்டாவது வட்டார நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே கேள்விக்கு ஆறாவது வட்டாரம் நேர்மாறாக, ஜாமீன் போட்டவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று சொல்லியிருந்தது.

இப்படி வட்டாரங்கள் முட்டிக்கொள்ளும்போது நாடு முழுக்க ஒரே பதில் சொல்வதுதான் உச்ச நீதிமன்றத்தின் வேலை. அதற்காகத்தான் வழக்கை எடுத்தது. 2016 மார்ச் 22 அன்று நாலுக்கு நாலு. மிசூரியில் கையெழுத்துப் போட்ட மனைவிக்கு ஒரு சட்டம், ஆறாவது வட்டாரத்தில் இருக்கும் ஒஹாயோவில் கையெழுத்துப் போட்ட மனைவிக்கு இன்னொரு சட்டம் என்ற நிலை அன்றும் மாறவில்லை.

2016-ல் மட்டும் ஏன் இத்தனை சமன்?

அந்த ஆண்டு பிப்ரவரி 13 அன்று நீதிபதி அன்டனின் ஸ்காலியா இறந்தார். அதிபர் ஒபாமா மார்ச்சில் மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார், செனட் அவரை விசாரிக்கவே மறுத்தது. அந்த இடத்துக்கு நீல் கோர்சச் வந்து பதவியேற்றது 2017 ஏப்ரலில். ஓராண்டுக்கு மேல் எட்டுப் பேர்தான்.

அதில் அதிகம் பேரைத் தொட்டது டெக்சஸ் வழக்கு. அமெரிக்கக் குடிமக்களாகவோ நிரந்தர வாசிகளாகவோ உள்ள பிள்ளைகளைப் பெற்ற, ஆவணம் இல்லாத பெற்றோருக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிக விலக்கு தரும் திட்டத்தை ஒபாமா 2014 நவம்பரில் அறிவித்தார். நாற்பது லட்சம் பேருக்கு மேல் தகுதி பெறுவார்கள் என்று மதிப்பிடப்பட்டது. டெக்சஸும் இன்னும் 25 மாநிலங்களும் வழக்குப் போட்டன. கீழே ஒரு நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார், ஐந்தாவது வட்டாரம் அதை உறுதி செய்தது. 2016 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு. திட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. திட்டம் சட்டப்படி சரியா தவறா என்று உச்ச நீதிமன்றம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இடைக்காலத் தடைதான் என்பதையும் கவனியுங்கள், முழு விசாரணை முடிந்து வந்த தீர்ப்புகூட அல்ல.

ஸ்காலியா வாய்வாதத்தைக் கேட்டிருந்தால் அவர் வாக்கை எண்ண மாட்டார்களா?

மாட்டார்கள். சங்கத்தில் சேராத ஆசிரியர்களும் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டுமா என்ற கலிபோர்னியா ஆசிரியர் சங்கக் கட்டண வழக்கை அவர் 2016 ஜனவரி 11 அன்று மேடையில் உட்கார்ந்து கேட்டார். தீர்ப்பு வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். மார்ச் 29 அன்று அந்த வழக்கும் சரிபாதி.

தீர்ப்பு வெளியாகும் நாளில் பதவியில் இருப்பவரின் வாக்குதான் வாக்கு. 2019-ல், கீழே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இறந்துபோன நீதிபதியின் வாக்கையும் சேர்த்து எண்ணியபோது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதிகள் ஆயுளுக்கும் நியமிக்கப்படுகிறார்கள், நித்தியத்துக்கும் அல்ல என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள்.

விலகினால் சமன் வரும் என்று தெரிந்தும் ஏன் விலகுகிறார்கள்?

சில சமயம் வேறு வழி இல்லை. 2018-ல் வாஷிங்டன் மாநிலத்தின் சால்மன் மீன் வழக்கு வந்தது. சாலைக்கு அடியில் ஓடை போகக் குழாய் போட்டிருப்பார்கள் அல்லவா, அந்தக் குழாய்கள் மீன்களின் வழியை மறிக்கின்றன, 1850-களின் உடன்படிக்கைகள் எங்களுக்குத் தந்த மீன்பிடி உரிமை வீணாகிறது என்று 21 பூர்வகுடி இனங்கள் வழக்காடின. அந்த நீண்ட வழக்கின் முந்தைய கட்டமொன்றில், 1985-ல், அந்தோனி கென்னடி ஒன்பதாவது வட்டார நீதிபதியாக அமர்ந்திருந்தார். வாய்வாதத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அது தெரியவந்து விலகினார். முடிவு நாலுக்கு நாலு. பூர்வகுடிகள் கீழே பெற்ற வெற்றி நின்றது, மாநிலம் நூற்றுக்கணக்கான குழாய்களை மாற்ற வேண்டியதாயிற்று.

பதில் ஆள் இல்லாததால் தேவையில்லாமல் விலகக்கூடாது என்று நீதிபதிகள் நினைக்கிறார்கள். அது நியாயமான கவலை. ஆனால் தன் பழைய வழக்கில் தானே மறுபடி நீதி சொல்வதைவிட ஒரு சமன் மேல் என்பது என் கருத்து.

சமன் வந்தால் கேஸ் அத்தோடு முடிந்ததா?

பல நேரம் முடியும். எப்போதும் அல்ல.

ஒமேகா கைக்கடிகாரங்களை வெளிநாட்டுச் சந்தையிலிருந்து சுற்றிவளைத்து வாங்கி, காஸ்ட்கோ கடைகள் அமெரிக்காவில் குறைந்த விலைக்கு விற்றன. கடிகாரத்தின் முதுகில் ஒரு சின்ன உலக உருண்டைப் படம் பொறித்திருக்கும். அந்தப் படத்துக்கு ஒமேகா பதிப்புரிமை வாங்கி, அதை வைத்து வழக்குப் போட்டது. ஒருமுறை முறையாக விற்ற பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்ற விதி, வெளிநாட்டில் தயாரித்து விற்ற பொருளுக்குப் பொருந்தாது என்று ஒன்பதாவது வட்டாரம் ஒமேகாவுக்குச் சாதகமாகச் சொன்னது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு. நீதிபதி எலேனா கேகன் முன்பு அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் அவர் இதில் உட்காரவில்லை.

காஸ்ட்கோ தோற்றது என்றுதான் அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் வழக்கு விசாரணை நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, பதிப்புரிமையை ஒமேகா தவறாகப் பயன்படுத்துகிறது என்ற வேறொரு வாதத்தில் காஸ்ட்கோ வென்றது. இதற்கிடையே 2013-ல் தாய்லாந்திலிருந்து வந்த பாடப்புத்தகங்கள் பற்றிய இன்னொரு வழக்கில், அதே சட்டக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 6–3 என்று நேர்மாறான பதில் சொன்னது. 2015-ல் ஒன்பதாவது வட்டாரமும் காஸ்ட்கோ பக்கம் முடித்தது.

ஆசிரியர் சங்கக் கட்டணமும் அப்படித்தான் திரும்பிவந்தது. அந்தக் கட்டணத்தை அனுமதித்த, 2016-ல் சமனால் தப்பிய 1977-ஆம் ஆண்டின் முன்னுதாரணத்தை, 2018 ஜூன் 27 அன்று ஜேனஸ் வழக்கில் 5–4 என்று தூக்கியெறிந்தார்கள். சமன் அந்தச் சங்கங்களுக்கு இரண்டு வருட அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது நீதிபதி வரும்வரை காத்திருக்கலாமே?

சில சமயம் காத்திருக்கிறார்கள். இடம் சீக்கிரம் நிரம்பும் என்றால் மறுபடி வாதத்துக்குப் போடுவது உண்டு. 2006-ல் சாண்ட்ரா டே ஓ'கானர் போய் சாமுவேல் அலிட்டோ வந்தபோது சில வழக்குகளை இரண்டாம் முறை கேட்டார்கள். ஒருவர் விலகியதால் வரும் சமனுக்கு இது உதவாது, காத்திருந்தாலும் அவர் திரும்பமாட்டார்.

அதற்கும் ஒரு சுற்றுவழி உண்டு. கிழக்கு ஓக்லஹோமா பூர்வகுடி நிலமா என்ற கேள்வியோடு வந்த வழக்கில் கோர்சச் விலகியிருந்தார். 2018 நவம்பரில் வாதம் கேட்டும் தீர்ப்பு வரவில்லை. சமன் ஆகியிருக்கும் என்றுதான் பலரும் கருதினார்கள். அப்புறம் நீதிமன்றம் அதே கேள்வியோடு, கோர்சச் உட்காரக்கூடிய மெக்கர்ட் வழக்கை எடுத்தது. 2020 ஜூலை 9 அன்று 5–4 தீர்ப்பு, எழுதியவர் கோர்சச்சே.

அவசரத் தடை கேட்கும் மனுவில் சமன் வந்தால்?

தடை கிடைக்காது. தடை கொடுக்க ஐந்து வாக்கு வேண்டும். 2020 அக்டோபர் 19 அன்று பென்சில்வேனியா தபால் வாக்குகள் விஷயத்தில் இது நடந்தது. தேர்தல் முடிந்து மூன்று நாள் வரை வந்துசேரும் வாக்குகளை ஏற்கலாம் என்ற மாநில நீதிமன்ற உத்தரவை நிறுத்திவைக்க நாலு பேர் விரும்பினார்கள். ரூத் பேடர் கின்ஸ்பெர்க் ஒரு மாதத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். நாலு போதவில்லை.

வழக்கை விசாரணைக்கு எடுக்க மட்டும் நாலு வாக்கு போதும். அதனால் ஒரு வழக்கை உள்ளே கொண்டுவந்த அதே நாலு பேர், கடைசியில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும் நிலை வரலாம்.

ஆறு பேர்கூட இல்லையென்றால்?

அதற்கும் இதே முடிவுதான். தகுதியான ஆறு பேர் அடுத்த அமர்வுக்குள்ளும் சேர மாட்டார்கள் என்றால், சரிபாதிப் பிரிவுக்கு உள்ள அதே விளைவோடு கீழ்த் தீர்ப்பை உறுதி செய்யச் சட்டம் சொல்கிறது. 2008-ல் தென்னாப்பிரிக்க நிறவெறிக் கால வழக்கொன்றில் நாலு நீதிபதிகள் உட்கார முடியாமல் போய் இப்படி முடிந்தது.

இந்தியாவில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டால் மூன்றாமவரிடம் போகிறதே, அமெரிக்காவில் ஏன் இல்லை?

இந்திய நீதிமன்றங்கள் அமர்வுகளாகப் பிரிந்து உட்காருகின்றன, அதனால் இன்னொருவரை அழைக்க ஆள் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்கில் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்பு வந்து, மூன்றாம் நீதிபதி அக்டோபரில் முடித்துவைத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எல்லாரும் ஒன்றாகவே உட்காருவதால் வெளியே யாரும் மிச்சமில்லை.

ஆனால் அடிப்படை எண்ணம் இந்தியச் சட்டத்துக்கும் அந்நியமில்லை. உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம் 98-ஆம் பிரிவைப் பாருங்கள்: தீர்ப்பாணையை மாற்றப் பெரும்பான்மை இல்லையென்றால் அது உறுதி செய்யப்படும் என்றே இருக்கிறது. சட்டக் கேள்வியில் வேறுபட்டால் மட்டும் மற்ற நீதிபதிகளிடம் அனுப்பலாம். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் அமர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

சிறையில் இருப்பவரின் மேல்முறையீடு சமனில் முடிந்தால், அவருக்கு வேறு கதவு உண்டா?

உண்டு. டென்னசி மாநிலத்தில் 1965-ல் நடந்த ஒரு பாலியல் வன்முறைக்காக, 16 வயதுப் பையன் ஒருவனுக்கு 20 ஆண்டு சிறை. முக்கிய ஆதாரம் பாதிக்கப்பட்ட பெண் அவனை அடையாளம் காட்டியது. சம்பவம் நடந்து ஏழு மாதம் கழித்து, வரிசையில் பலரோடு நிறுத்தாமல், காவல் நிலையத்தில் அவனை மட்டும் அவர் முன்னால் நடக்கவிட்டு, அந்தக் குற்றவாளி சொன்ன மிரட்டல் வார்த்தைகளையே சொல்லவைத்தார்கள்.

வழக்கு 1968-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தர்குட் மார்ஷல் பங்கேற்கவில்லை. நாலுக்கு நாலு. நீதிபதி வில்லியம் டக்ளஸ் வழக்கமான மௌனத்தை மீறி மாறுபட்ட கருத்து எழுதினார், அது அபூர்வம். தண்டனை நின்றது.

அப்புறம் அந்த இளைஞர் ஆட்கொணர்வு மனுவோடு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் உண்மையாகத் தீர்த்த விஷயத்தை இந்த மனுவில் மறுபடி கிளப்ப முடியாது என்று சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே முடிந்துவிட்டதே என்று மாநிலம் வாதிட்டது. வழக்கு மறுபடி மேலே வந்தபோது, 1972-ல், உட்கார்ந்த எட்டுப் பேரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: சரிபாதியாகப் பிரிந்தது தீர்த்ததாகாது, அவர் கேட்கலாம்.

அடையாளம் காட்டியது நம்பத்தக்கதா என்ற கேள்வியில் அவர் 5–3 என்று தோற்றார். கீழே இரண்டு நீதிமன்றங்களில் பெற்ற வெற்றி போனது. இந்த முறை தீர்ப்பில் காரணங்கள் எழுதப்பட்டிருந்தன, அந்தத் தீர்ப்போடு மாறுபட்ட மூவரின் பெயர்களும் இருந்தன.